உருபு யாரோடு போகும்?

அன்புள்ள பாப்பா,

உன் அப்பா கும்பகோணம் வந்தபோது கொடுத்துவிட்டுப் போன நோட்டை முழுக்கப் படித்துவிட்டேன். ரென் அண்ட் மார்ட்டின் இலக்கணப் புத்தகத்திலிருந்து நீ எழுதி எடுத்த பட்டியல், அதைப் பார்த்து நீயாக எழுதிய வாக்கியங்கள், கடைசிப் பக்கத்தில் பென்சிலால் எழுதியிருந்த கேள்வி எல்லாம் பார்த்தேன். “அஃப்ரைடுக்குப் பின்னாடி ஆஃப், ஆங்ரிக்குப் பின்னாடி வித், குட்டுக்குப் பின்னாடி அட். இதுக்கெல்லாம் காரணம் இருக்கா அத்தை, இல்ல கண்ணை மூடிக்கிட்டு மனப்பாடம் பண்றதுதானா?” அந்தக் கேள்விக்குத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லியிருப்பேன். ஆனால் இது பக்கத்தில் வைத்துக்கொண்டு திரும்பத் திரும்பப் புரட்டிப் பார்க்க வேண்டிய விஷயம்.

காரணம் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் இல்லை, பெரும்பாலானவற்றுக்கு இருக்கிறது. அதில் பாதி, நீ தமிழ் வகுப்பில் படித்துப் பரீட்சை எழுதிய வேற்றுமையிலேயே இருக்கிறது.

முதலில் உன் வாக்கியங்கள். “ஐ ஆம் அஃப்ரைட் ஃபார் டாக்ஸ்.” “மை பிரதர் இஸ் ஆங்ரி ஆன் மீ.” “மை கசின் இஸ் மேரீட் வித் எ டீச்சர்.” “ஷி இஸ் சீனியர் தேன் மீ.” நான்கிலும் பிரிபொசிஷன் தப்பு. நான்கிலும் நீ செய்திருப்பது ஒரே காரியம். தமிழில் பெயரோடு ஒட்டியிருக்கிற உருபைப் பிரித்தெடுத்து அப்படியே ஆங்கிலமாக்கி வைத்திருக்கிறாய். நாய்க்குப் பயம், அதனால் ஃபார். என் மேல கோபம், அதனால் ஆன். டீச்சரோட கல்யாணம், அதனால் வித். என்னைவிட சீனியர், அதனால் தேன். யோசிக்காமல் எழுதியவள் போடுகிற தப்பு இல்லை இது. யோசித்து எழுதியவள்தான் இப்படி எழுதுவாள். ஆனால் யோசனை தொடங்கின இடம் மாறிப்போய்விட்டது.

தமிழில் உருபு பெயருக்குச் சொந்தம். “நாய்க்கு” என்பது ஒரே மூச்சு. அவன் நாய்க்குப் பயப்படுவான், நாய்க்கு அவன் பயப்படுவான், பயப்படுவான் அவன் நாய்க்கு என்று சொற்களை எப்படி மாற்றி அடுக்கினாலும் “கு” நாயை விட்டு அசையாது. இப்போது ஆங்கிலத்தைப் பார். நீ எதற்குப் பயப்படுகிறாய் என்று கேட்க “வாட் ஆர் யூ அஃப்ரைட் ஆஃப்?” என்கிறார்கள். “வாட்” வாக்கியத்தின் தலைக்குப் போய்விட்டது. “ஆஃப்” அதன் பின்னாலேயே ஓடவில்லை, அஃப்ரைடிடமே நின்றுவிட்டது. “தட் இஸ் த டாக் ஐ ஆம் அஃப்ரைட் ஆஃப்.” நாய் முன்னால் போனாலும் ஆஃப் இருந்த இடத்திலேயே இருக்கிறது. வாக்கியத்தைப் பிரிபொசிஷனில் முடிக்கக் கூடாது என்று யாராவது உன்னிடம் சொல்வார்கள். 1672-இல் ஜான் டிரைடன் என்ற ஆங்கிலக் கவிஞர் பென் ஜான்சனின் எழுத்தைப் பற்றி எழுப்பிய ஆட்சேபம் அது. அதற்கு முன்னாலும் பின்னாலும் ஆங்கிலம் பேசுகிறவர்கள் அப்படித்தான் பேசிவருகிறார்கள். நீ தயங்காமல் எழுது.

ஆக, இந்த வகை வாக்கியங்களில் ஆங்கிலம் பிரிபொசிஷனைப் பெயரடையின் கணக்கில் எழுதிவைத்திருக்கிறது. நாம் அதைப் பெயரின் கணக்கில் தேடுகிறோம். நான் இந்தக் கடிதத்தில் சொல்லப்போவது முழுக்க இந்த ஒன்றின் விரிவுதான். அஃப்ரைட் என்று ஒரு சொல் இல்லை, “அஃப்ரைட் ஆஃப்” என்று ஒரு சொல் இருக்கிறது என்று வைத்துக்கொள்.

காதாலும் இதைச் சோதிக்கலாம். ஆங்கிலச் செய்தியைக் கேட்கும்போது கவனி. “ஃபுல் ஆஃப் வாட்டர்” என்று மூன்று சொல்லாக யாரும் வாசிப்பதில்லை, “ஃபுல்லவ் வாட்டர்” என்றுதான் காதில் விழும். “குட் அட்” என்பது “குடட்” ஆகிவிடும். பிரிபொசிஷன் முன்னால் இருக்கிற பெயரடையோடு உரசி, தேய்ந்து, பாதி காணாமல் போய்விடுகிறது. நம் பிள்ளைகளுக்கு எந்தப் பிரிபொசிஷன் என்று நினைவில் நிற்காததற்கு இதுவும் ஒரு காரணம். காதுக்கே சரியாக வந்து சேராத ஒலி மனதில் எப்படித் தங்கும்? அதே ஆஃப், “வாட் ஆர் யூ அஃப்ரைட் ஆஃப்” என்று கடைசியில் வந்தால் தேயாமல் முழுசாக ஒலிக்கும். அதனால் கேள்வி வடிவத்தைச் சத்தம் போட்டுச் சொல்லிப் பழகு. “வாட் ஆர் யூ குட் அட்?” “ஹூ ஆர் யூ ஆங்ரி வித்?” “வாட் இஸ் யுவர் டவுன் ஃபேமஸ் ஃபார்?” பிரிபொசிஷன் பளிச்சென்று கேட்கிற இடம் அதுதான்.

இங்கே கோடிட்ட இடத்தை நிரப்புக பயிற்சியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கைடுகளில் “அஃப்ரைட்” என்று போட்டு, பக்கத்தில் கோடு போட்டு, அப்புறம் “டாக்ஸ்” என்று போட்டிருப்பார்கள். இருபத்தைந்து வருஷம் வகுப்பில் நின்று பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன், அந்தக் கோடு கெடுதல் செய்கிறது. ஒட்டியிருக்க வேண்டிய இரண்டு சொல்லையும் அதுதான் பிரித்துப் போடுகிறது. அஃப்ரைட் தனியாக நிற்கக் கூடியது, நடுவில் ஏதோ ஒரு சின்னச் சொல் வந்து உட்காரும் என்ற எண்ணத்தை ஒவ்வொரு கேள்வியும் உறுதிப்படுத்துகிறது. பரீட்சையில் வந்தால் எழுதித்தான் ஆக வேண்டும். வீட்டில் நீ படிக்கும்போது கோட்டை இடம் மாற்றிப் போடு. “ஐ ஆம் அஃப்ரைட் ஆஃப்” வரைக்கும் எழுதிவிட்டு, அதற்கப்புறம் கோடு. அதில் நாய், இருட்டு, இன்டர்வியூ, கொள்ளிடத்து வெள்ளம் என்று பெயர்களை மாற்றி மாற்றி நிரப்பு. பெயர் மாறும், ஆஃப் மாறாது. பத்து பெயர் மாற்றினால் அந்த ஒட்டு கையில் ஏறிவிடும்.

சரி, காரணத்துக்கு வருகிறேன்.

நம் ஊரிலிருந்து கொள்ளிடத்தை ஒட்டி மேற்கே போனால் ஏலாக்குறிச்சி. அடைக்கல மாதா கோயிலுக்கு நீயும் போயிருப்பாய். வீரமாமுனிவர் பல வருஷம் இருந்து தொண்டு செய்த ஊர், அவர் திருக்காவலூர் என்று பெயரிட்டுப் பாடிய ஊர். 1680-இல் இத்தாலியில் பிறந்தவர். முப்பது வயதுக்கு மேல் நம் பக்கம் வந்து தமிழ் படித்தார். தேம்பாவணியும் சதுரகராதியும் எல்லாருக்கும் தெரியும். நான் உனக்குச் சொல்ல வந்தது அவருடைய கொடுந்தமிழ் இலக்கணம் பற்றி. பேச்சுத்தமிழை ஐரோப்பாவிலிருந்து வரும் பாதிரிமாருக்குக் கற்றுக்கொடுக்க எழுதியது. லத்தீனில் எழுதினார், 1738-இல் தரங்கம்பாடி அச்சகத்தில் அச்சானது. ஏன் லத்தீனில்? படிக்கப்போகிறவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்த இலக்கணம் அது. லத்தீனிலும் வேற்றுமை உண்டு, தமிழிலும் வேற்றுமை உண்டு. தெரிந்ததை வைத்துத் தெரியாததைப் பிடிக்கலாம். நீ இப்போது அந்தப் பாதிரிமார் இருந்த இடத்தில் இருக்கிறாய், ஆற்றின் அதே கரையில், எதிர்த்திசையில் பார்த்துக்கொண்டு. உன் கையில் இருக்கிற இலக்கணம் தமிழ். அதைத் தள்ளிவைத்துவிட்டு ஆங்கிலம் படி என்று சொல்கிறவர்களை நான் ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. தமிழால் நீ தப்பு போட்டது உண்மை. தமிழைக் கொஞ்சம் பார்த்துவிட்டு நிறுத்தியதால் வந்த தப்பு அது. இன்னும் நன்றாகப் பார்த்தால் அதே தமிழ் திருத்தியும் கொடுக்கும்.

பயத்தையே எடுத்துக்கொள். இன்று நாம் “நாய்க்குப் பயம்” என்கிறோம், “நாயைக் கண்டா பயம்” என்கிறோம், “நாய்ன்னா பயம்” என்கிறோம். தொல்காப்பியர் சொல்லதிகாரத்தில் வேற்றுமை மயங்கியல் என்று ஓர் இயலே வைத்திருக்கிறார், எந்தச் சொல்லுக்கு எந்த உருபு மாறி வரும் என்று சொல்வதற்காக. அதில் அச்சத்துக்குத் தனியாக ஒரு நூற்பா. அஞ்சுதல் என்று வந்தால் ஐந்தாம் வேற்றுமையும் வரலாம், இரண்டாம் வேற்றுமையும் வரலாம், பொருள் மாறாது என்கிறார். புலியின் அஞ்சினான் என்றாலும் புலியை அஞ்சினான் என்றாலும் ஒன்றுதான். ஐந்தாம் வேற்றுமை என்பது நீங்கல். மலையின் வீழ் அருவி என்று உதாரணம் படித்திருப்பாய். பயம் என்றால் மனசு ஒன்றிலிருந்து விலகி ஓடுவது, ஆகவே நீங்கல் உருபு.

இப்போது ஆங்கிலத்து “ஆஃப்” எங்கிருந்து வந்தது என்று பார். பழைய ஆங்கிலத்தில் இன்றைய “ஆஃப்”, அதாவது “உடைய” என்று நாம் படிக்கிற சொல்லும், “விலகி” என்று பொருள் தரும் இன்னொரு “ஆஃப்”-உம் ஒரே சொல். ஃபேனை ஆஃப் பண்ணு என்கிறோமே, அதே ஆஃப். பின்னால்தான் எழுத்தும் ஒலியும் இரண்டாகப் பிரிந்தன. அதன் பழைய பொருள் நீங்கல். அஃப்ரைட் ஆஃப், அஷேம்ட் ஆஃப், டயர்ட் ஆஃப், இன்டிபென்டன்ட் ஆஃப் என்கிற சொற்களில் அந்தப் பழைய நீங்கல் இன்னும் கிடக்கிறது. பயம், வெட்கம், சலிப்பு, விடுபடல். நாலிலும் மனசு எதையோ விட்டு நகர்கிறது. இரண்டு மொழிக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது, ஆனாலும் பயத்துக்கு இரண்டும் ஒரே பக்கம் கை நீட்டியிருக்கின்றன. இதைக் கவனித்த அன்று எனக்கு உண்டான சந்தோஷம் கொஞ்சநஞ்சமில்லை.

ஆஃப் எல்லாமே நீங்கல் என்று எடுத்துக்கொள்ளாதே. ஃபாண்ட் ஆஃப், ப்ரவுட் ஆஃப், அவேர் ஆஃப், ஜெலஸ் ஆஃப் எல்லாம் மனசு ஒன்றைப் பிடித்துக்கொண்டு நிற்பது. தமிழில் “மகளை நினைச்சுப் பெருமை” என்கிற இடம். அதுவும் நம் இரண்டாம் வேற்றுமைப் பக்கம்தான். பயம் மட்டும் இரண்டு பக்கமும் நிற்கிறது, தொல்காப்பியர் சொன்ன மாதிரியே.

“அஃப்ரைட் ஃபார் டாக்ஸ்” என்பது ஆங்கிலமே இல்லை என்று நினைத்துவிடாதே. அது ஆங்கிலம்தான், பொருள் வேறு. நாய்களுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று நீ கவலைப்படுவதாக ஆகிவிடும். ஆற்றில் தண்ணீர் ஏறும்போது அக்கரைக்குப் போன மகனை நினைத்து ஒரு தாய் “ஐ ஆம் அஃப்ரைட் ஃபார் மை சன்” என்பாள். மகனைக் கண்டு அவளுக்குப் பயமில்லை, மகனுக்காகப் பயம்.

“க்காக” என்று சொன்னேனே, அதில்தான் அடுத்த திறவுகோல் இருக்கிறது. நம்முடைய நான்காம் வேற்றுமை ஒரே ஒரு “கு”. ஆங்கிலத்தில் அது “டு” என்றும் “ஃபார்” என்றும் இரண்டாகப் பிரிகிறது. எங்கே டு, எங்கே ஃபார் என்பதில்தான் பிள்ளைகள் அதிகம் தடுமாறுகிறார்கள். நன்னூலில் பவணந்தியார் நான்காம் வேற்றுமைக்குக் கொடை, பகை, நேர்ச்சி, தகுதி, முறை என்று பல பொருள் சொல்லி, நடுவில் “பொருட்டு” என்பதையும் வைக்கிறார். அந்தப் பொருட்டுதான் ஃபார். உன் வாக்கியத்தில் “க்கு” வந்தால் அதை எடுத்துவிட்டு “க்காக” போட்டுப் பார். பொருள் நின்றால் பெரும்பாலும் ஃபார். நிற்காவிட்டால் டு.

அரியலூர் சிமென்ட்டுக்குப் பேர் போனது. சிமென்ட்டுக்காகப் பேர் போனது, நிற்கிறது. ஃபேமஸ் ஃபார். பரீட்சைக்குத் தயார், பரீட்சைக்காகத் தயார். ரெடி ஃபார். இது அதுக்குச் சமம். அதுக்காகச் சமம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஈக்வல் டு. எங்க ஊர் கொள்ளிடத்துக்குக் கிட்ட. கொள்ளிடத்துக்காகக் கிட்ட இல்லை. க்ளோஸ் டு. இரண்டும் ஒரே வாக்கியத்தில் வருகிற இடம் இன்னும் அழகு. “நீங்க செஞ்ச உதவிக்காக உங்களுக்கு நன்றி.” “ஐ ஆம் கிரேட்ஃபுல் டு யூ ஃபார் யுவர் ஹெல்ப்.” உங்களுக்கு டு, உதவிக்கு ஃபார். வாய்க்கால் லஸ்கர் ஷட்டருக்குப் பொறுப்பு, மேலே இருக்கிற இன்ஜினியருக்குப் பதில் சொல்ல வேண்டியவர். “ரெஸ்பான்சிபிள் ஃபார் த ஷட்டர், ரெஸ்பான்சிபிள் டு த இன்ஜினியர்.” தமிழில் இரண்டும் கு, ஆனால் முதலாவது பொருட்டு, இரண்டாவது முறை.

தியேட்டரில் படம் தொடங்குவதற்கு முன்னால் போடுகிறார்களே, “ஸ்மோக்கிங் இஸ் இன்ஜூரியஸ் டு ஹெல்த்.” உடல்நலத்துக்குக் கேடு. நலத்துக்காகக் கேடு என்று சொல்ல முடியாது, ஆகவே டு. அதே உடம்பை வைத்து “நடக்கிறது உடம்புக்கு நல்லது” என்று சொல்லிப் பார். உடம்பின் பொருட்டு நல்லது என்றால் பொருள் நிற்கிறது. குட் ஃபார். எத்தனையோ தடவை பார்த்த ஒரு எச்சரிக்கை வரியில் பிரிபொசிஷன் பாடம் இருந்திருக்கிறது. இனிமேல் நீ எந்த நோட்டீஸ், எந்த போர்டு, எந்த டிக்கெட்டின் பின்பக்கத்தைப் பார்த்தாலும் பெயரடைக்குப் பக்கத்தில் என்ன நிற்கிறது என்று பார்.

இந்தச் சோதனைக்கு அகப்படாதவை உண்டு. “பஸ்ஸுக்கு லேட்” என்பதில் க்காக நிற்காது, ஆனாலும் “லேட் ஃபார் த பஸ்”. “உடம்புக்குக் கெட்டது” என்பது “பேட் ஃபார்” என்றுதான் வரும், குட் போன வழியில் பேடும் போய்விட்டது. இவற்றை மட்டும் தனியாக எழுதிவைத்துக்கொள். முழுப் பட்டியலையும் மனப்பாடம் செய்வதைவிட, விதியை மீறுகிற சிலவற்றை மனப்பாடம் செய்வது எளிது.

உன்னுடைய “சீனியர் தேன் மீ”-க்கு வருகிறேன். வங்கித் தேர்வில் பிழை கண்டுபிடிக்கச் சொல்லும் பகுதியில் இது நிரந்தர விருந்தாளி. சீனியர், ஜூனியர், சுப்பீரியர், இன்ஃபீரியர், பிரையர் எல்லாம் லத்தீனிலிருந்து வந்தவை. அந்த “-யர்” முடிவே லத்தீனில் “அதிக” என்று ஒப்பிடுகிற உறுப்பு. ஒப்பீடு ஏற்கெனவே சொல்லுக்குள் இருப்பதால் இவை தேன் கேட்பதில்லை, டு கேட்கும். இதை நினைவில் வைக்க உனக்குப் புத்தகமே வேண்டாம். உங்கள் காலேஜில் எப்படிச் சொல்வீர்கள்? “அந்த அக்கா எனக்கு சீனியர்.” யாராவது “என்னைவிட சீனியர்” என்று சொல்லிக் கேட்டிருக்கிறாயா? சொன்னாலும் அபூர்வம். எனக்கு மூத்தவர், எனக்கு இளையவன், எனக்கு சீனியர், எனக்கு ஜூனியர். கு என்றால் டு. பேச்சில் சரியாக இருந்த தமிழை, எழுத உட்கார்ந்ததும் “விட” என்று மாற்றிக்கொண்டு, அந்த மாற்றத்தை மொழிபெயர்த்திருக்கிறாய். பேசுகிற தமிழை நம்பு பாப்பா.

கல்யாணமும் அப்படித்தான். டீச்சரோட கல்யாணம் என்று நினைத்ததால் வித் வந்தது. ஆனால் நம் வீடுகளில் என்ன சொல்கிறோம்? “பெரிய பொண்ணை ஜெயங்கொண்டத்துல ஒரு வாத்தியாருக்குக் கட்டிக் கொடுத்திருக்காங்க.” வாத்தியாருக்கு. மேரீட் டு எ டீச்சர். பவணந்தியார் சொன்ன “முறை” இதுதான். சாத்தனுக்கு மகன், சாத்தனுக்கு மனைவி, உறவு என்றால் கு. ரிலேட்டட் டு, என்கேஜ்ட் டு, மேரீட் டு என்று ஆங்கிலமும் உறவுக்கெல்லாம் டு வைத்திருக்கிறது.

“ஆங்ரி ஆன்” கொஞ்சம் கஷ்டமான கேஸ். கோபம் தமிழில் ஒருவர் மேல் ஏறுகிறது. ஆங்கிலத்தில் ஆள் என்றால் வித், அமெரிக்காவில் அட்டும் சொல்வார்கள், விஷயம் என்றால் அபௌட். ஏன் வித்? நாம் “ஓடு” என்று படிக்கிற வித்துக்குப் பழைய ஆங்கிலத்தில் “எதிராக” என்று பொருள். ஃபைட் வித் என்பதில் அது இன்னும் உயிரோடு இருக்கிறது. நம்முடைய “ஓடு”-வும் அப்படியொன்றும் சாது இல்லை. அவனோட சண்டை, அவனோட வழக்கு, அவனோட மல்லுக்கட்டு என்று பகைக்கும் அதைத்தான் வைத்திருக்கிறோம். நீயும் உன் தம்பியும் சின்ன வயதில் “உன்கூட டூ” என்று விரலைக் காட்டுவீர்களே, அந்த “கூட”தான் ஆங்ரி வித். கோபத்தை மேலே வைக்காதே, பக்கத்தில் வை.

அட்டுக்கு மட்டும் தமிழில் நேரான துணை கிடைக்காது. கணக்கில் கெட்டிக்காரி என்பதால் “குட் இன்” என்று எழுதத் தோன்றும், பலர் எழுதவும் செய்கிறார்கள். குட் அட், பேட் அட், க்விக் அட், ஸ்லோ அட் என்று திறமைக்கு அட். சர்ப்ரைஸ்ட் அட், ஷாக்ட் அட் என்று திடுக்கிடலுக்கும் அட். இந்த இரண்டு குடும்பத்தை மனப்பாடம் செய்துவிடு, அதிகம் இல்லை. ஆர்வம், வளம் என்றால் நம் “இல்” அப்படியே பொருந்தும். இன்ட்ரஸ்டட் இன் கிரிக்கெட், அரியலூர் இஸ் ரிச் இன் ஃபாசில்ஸ். கவலைப்படுகிறவை அபௌட்டோடு போகும். வொரீட் அபௌட், நெர்வஸ் அபௌட். எதிரே நிற்பதைக் கண்டு நடுங்கினால் ஆஃப், வரப்போவதை எண்ணிக் குழம்பினால் அபௌட் என்று வைத்துக்கொள்ளலாம்.

இன்னொன்று. நோட்டில் “ஐ ஆம் குட் அட் டிரா” என்று எழுதியிருக்கிறாய். பிரிபொசிஷன் சரி, பின்னால் வந்தது தப்பு. வரைகிறதுல கெட்டிக்காரி என்றுதானே சொல்வாய், வரைஇல் கெட்டிக்காரி என்றா சொல்வாய்? வினைமேல் உருபு ஏற வேண்டுமானால் அது முதலில் தொழிற்பெயர் ஆக வேண்டும். வரைதலில், வரைவதில். ஆங்கிலத்திலும் அதே சட்டம். டிராயிங் என்று ஆன பிறகுதான் அட் ஏற்றுக்கொள்ளும். குட் அட் டிராயிங், டயர்ட் ஆஃப் வெயிட்டிங், அஃப்ரைட் ஆஃப் ஃபெயிலிங். “ஐ ஆம் யூஸ்ட் டு கெட்டிங் அப் எர்லி” என்பதில் டுவுக்குப் பின்னால் ஏன் கெட்டிங் என்று போன மாதம் கேட்டாய். பழக்கம் எதுக்கு? சீக்கிரம் எழுந்திருக்கிறதுக்கு. அந்த டு நம் நான்காம் வேற்றுமை டு.

டயர்ட் என்று சொன்னதும் உன் அம்மா நினைவு வந்தது. நாற்று நட்டுவிட்டு வரப்பில் உட்காரும்போது அவளுக்கு வருவது களைப்பு, “டயர்ட் ஃப்ரம் பிளான்டிங்”. வருஷம் பூராவும் உழைத்தும் கையில் ஒன்றும் நிற்கவில்லையே என்று வருவது சலிப்பு, “டயர்ட் ஆஃப் பிளான்டிங்”. களைப்பு ராத்திரி தூங்கினால் போய்விடும். ஒரு சின்னச் சொல் மாறினால் ஒரு மனுஷியின் நிலைமையே மாறிவிடுகிறது. அதனால்தான் இதை ஒரு மார்க் கேள்வி என்று தள்ளிவிடாதே என்கிறேன். குட்டைப் பார். “குட் டு மீ” என்றால் என்னிடம் நல்லபடி நடந்துகொண்டார், “குட் ஃபார் மீ” என்றால் எனக்கு நன்மை தருவது, “குட் வித் சில்ட்ரன்” என்றால் பிள்ளைகளைப் பக்குவமாகப் பார்த்துக்கொள்கிறவர், “குட் ஆஃப் யூ” என்றால் உங்கள் நல்ல மனசு. குட் ஒன்றுதான். எந்த நல்லது என்பதைச் சொல்வது பின்னால் வருகிற சொல்.

ஒரே சொல்லுக்கு இரண்டு மூன்று பிரிபொசிஷன் பார்த்தால் கலங்காதே. டிஃபரன்ட் ஃப்ரம்தான் எல்லா இடத்திலும் செல்லும். நம் ஐந்தாம் வேற்றுமையும் அதுதான், இதிலிருந்து வேறுபட்டது. இங்கிலாந்தில் டிஃபரன்ட் டு என்பார்கள், அமெரிக்காவில் டிஃபரன்ட் தேன் என்பார்கள். போர்ட் வித் என்று படித்த இடத்தில் இளவட்டங்கள் இப்போது போர்ட் ஆஃப் என்கிறார்கள், டயர்ட் ஆஃபைப் பார்த்து இழுத்துக்கொண்டதாகத்தான் தெரிகிறது. வேற்றுமை மயங்கியல் எழுதுகிற அளவுக்கு நம் மொழியிலும் உருபுகள் இடம் மாறியிருக்கின்றன, ஆங்கிலத்திலும் மாறும். தேர்வில் ஃப்ரம், வித் என்று எழுது. பேசும்போது மற்றவரைத் திருத்தப் போகாதே.

உன் பட்டியலைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ரென் அண்ட் மார்ட்டின் நல்ல புத்தகம்தான். இந்தியாவில் இருந்த வெள்ளைக்கார அதிகாரிகளின் பிள்ளைகளுக்காக எழுதப்பட்டது. ரென் நாவலாசிரியரும்கூட. அந்தப் புத்தகத்தில் பிரிபொசிஷன் வாரியாகச் சொற்களைப் பிரித்து, உள்ளே அகர வரிசையில் அடுக்கியிருக்கிறார்கள். தேடிப் பார்க்க அது வசதி, மனசில் பதிய வசதி இல்லை. அகர வரிசையில் அடுத்தடுத்து வருகிற இரண்டு சொல்லுக்குப் பொருளில் உறவு இருக்காது. தொல்காப்பியர் ஐந்தாம் வேற்றுமைக்குச் சொன்ன பட்டியலைப் பார். நிறம், வடிவம், அளவு, சுவை, குளிர்ச்சி, சூடு, அச்சம், நன்மை, தீமை, முதுமை, இளமை என்று பண்புகளாக அடுக்கிக்கொண்டு போகிறார். ஓர் உருபுக்கு எந்தப் பண்புகள் வந்து சேர்கின்றன என்று பார்க்கிற பார்வை அது. 1980களில் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் ஜான் சின்க்ளேர் தலைமையில் ஆங்கிலத்தைக் கம்ப்யூட்டரில் கொட்டி அலசி கோபில்ட் அகராதியை 1987-இல் வெளியிட்டார்கள். அதைத் தொடர்ந்து 1998-இல் வந்த இலக்கணப் புத்தகத்தில், ஒவ்வொரு பிரிபொசிஷனோடும் போகும் பெயரடைகளைப் பொருள்வாரியாகக் கூட்டம் கூட்டமாகப் பிரித்துக் காட்டினார்கள். பயப்படும் சொற்கள் ஒரு கூட்டம், திறமைச் சொற்கள் ஒரு கூட்டம். ஸ்கேர்ட், ஃப்ரைட்டன்ட், டெரிஃபைட் எல்லாம் அஃப்ரைடின் பின்னால் ஆஃப் என்று போகிறதைப் பார்த்தால், புதிய சொல் ஒன்று வந்தாலும் அது எந்தக் கூட்டத்தில் சேரும் என்று உன்னால் ஊகிக்க முடியும். உன் நோட்டையும் அப்படி மாற்று. ஒரு பக்கம் பயம், ஒரு பக்கம் கோபம், ஒரு பக்கம் உறவும் சமமும், ஒரு பக்கம் திறமை. ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே, தமிழில் நீ உண்மையாகவே வாயால் சொல்கிற வாக்கியம் ஒன்றையும் எழுது.

அகராதி வேண்டும் என்று உன் அப்பாவிடம் கேட்டாயாம். ஆக்ஸ்ஃபோர்டு அட்வான்ஸ்ட் லேர்னர்ஸ் வாங்கு. ஹார்ன்பி என்பவர் ஜப்பானில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தபோது, அந்தப் பிள்ளைகள் படும் பாட்டைப் பார்த்து உண்டாக்கி, 1942-இல் டோக்கியோவில் முதலில் வெளிவந்த அகராதியின் வழியில் வந்தது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களுக்கு அஃப்ரைடுக்குப் பின்னால் என்ன வரும் என்று சொல்ல வேண்டியதில்லை, நமக்குச் சொல்ல வேண்டும். ஆகையால் ஒவ்வொரு பெயரடைக்குப் பக்கத்திலும் அது கேட்கிற பிரிபொசிஷனைத் தடித்த எழுத்தில் போட்டு, ஒரு முழு வாக்கியமும் கொடுத்திருப்பார்கள். பொருளை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடாமல் அந்தத் தடித்த எழுத்தையும் பார். புதுசு விலை அதிகம். பழைய பதிப்பு கிடைத்தாலும் போதும், அஃப்ரைட் அதில் ஆஃப்போடுதான் இருக்கும். இங்கே பழைய புத்தகக் கடையில் விசாரித்து வைக்கிறேன். உன் அப்பா அடுத்த தடவை வரும்போது, நீ திருத்தி எழுதின நோட்டைக் கொடுத்தனுப்பு. “ஆங்ரி வித்” பக்கத்தை முதலில் பார்ப்பேன்.

அன்புடன்,
அத்தை